எழுபது வளைவுக்கு மேலே எந்தச் சட்டம்?

“டைவர்ஸ் வாங்க எவ்வளவு ஆகும்?” நாமக்கல் கோர்ட்டுக்கு வருகிற யாரும் வக்கீலிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேட்பவர் ராசிபுரத்துக்காரராகவோ பரமத்திக்காரராகவோ இருந்தால் பதில் உடனே கிடைத்துவிடும். கொல்லிமலையின் செம்மேட்டிலிருந்தோ சோளக்காட்டிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் குலுங்கக் குலுங்க இறங்கி வந்தவர் கேட்டால், வக்கீல் முதலில் கேட்க வேண்டியது வேறு: “உங்க சாதிச் சான்றிதழ்ல என்ன போட்டிருக்கு?”

சான்றிதழில் ‘மலையாளி’ என்று இருந்தால் கதையே மாறிவிடுகிறது. இவர்கள் கேரளத்துக்காரர்கள் அல்ல. தமிழ் பேசுகிற, பெயருக்குப் பின் கவுண்டர் என்று போட்டுக்கொள்கிற மலைக்குடிகள். காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழியில் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் பரவியவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. கொல்லிமலையில் வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பான்மையினர் இவர்களே. கோயிலுக்குப் போகிறார்கள், தாலி கட்டுகிறார்கள், அறப்பளீஸ்வரருக்கு வேண்டிக்கொள்கிறார்கள். ஆனாலும் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது. மத்திய அரசு அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டால் ஒழிய, பட்டியல் பழங்குடியினர் எவருக்கும் இந்தச் சட்டம் செல்லாது என்று அதன் 2ஆம் பிரிவே சொல்கிறது. 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், இளவர் காப்பாளர் சட்டம், தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் மூன்றிலும் இதே விலக்கு இருக்கிறது.

ஆக, சினிமாவிலும் சீரியலிலும் நாம் பார்த்துப் பழகிய ‘பரஸ்பர சம்மத விவாகரத்து, ஆறு மாசம் காத்திருப்பு’ எல்லாம் காரவள்ளி அடிவாரத்தோடு நின்றுவிடுகின்றன.

இதில் இன்னொரு வேடிக்கை. மலையாளிகளைப் பழங்குடியாக ஏற்கும் குடியரசுத் தலைவர் ஆணை, மாவட்டம் பார்த்துத்தான் ஏற்கிறது: தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், திருச்சிராப்பள்ளி. நாமக்கல் 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது என்பதால் கொல்லிமலை தப்பித்தது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலை பழைய கோயம்புத்தூர் மாவட்டம். அங்குள்ள மலையாளிகள் தங்களையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல்லாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பட்டியலில் இல்லாததால் அவர்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தும். ஒரே குடி, ஒரே சடங்கு. ஆனால் மலை மாறினால் விவாகரத்துச் சட்டமும் மாறிவிடுகிறது.

ஊர்க்கவுண்டர் முன்னால் அத்துவிட்டால்…

சட்டம் இல்லை என்பதால் இவர்களிடம் விவாகரத்தே இல்லை என்று ஆகிவிடாது. சமவெளியின் ‘மேல்சாதிகள்’ விவாகரத்து என்ற பேச்சையே பாவமாக நினைத்த காலத்திலும் இந்த மலையில் பிரிவும் மறுமணமும் வழக்கத்தில் இருந்தன. மாப்பிள்ளை வீட்டார் பரிசம் கொடுத்துப் பெண் எடுப்பது வழக்கம். ஒத்துவரவில்லை என்றால் ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் கூடி, பரிசத்தைத் திருப்புவதா, செலவை யார் ஏற்பது, பிள்ளை யாரிடம் என்று பேசித் தீர்த்துவிடுவார்கள். “அத்துவிட்டாச்சு” என்று ஒரே சொல்லில் ஊர் அதைச் சொல்லும். வாழாவெட்டி என்று ஒரு பெண்ணை மூலையில் உட்கார வைப்பதைவிட இது எவ்வளவோ நாகரிகம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த வழக்காற்று விவாகரத்தைச் சட்டம் மறுக்கவில்லை. ஆனால் அது செல்ல வேண்டுமானால் நிரூபிக்க வேண்டும் என்கிறது. வழக்குகள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

வழக்காற்று விவாகரத்து என்பது பொதுச் சட்டத்துக்கு விலக்கு. அப்படி ஒரு வழக்கம் தம் சமூகத்தில் இருக்கிறது என்று மனுவில் தனியாகச் சொல்லி, சாட்சியங்களால் நிலைநாட்ட வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு தமிழ்நாட்டிலிருந்தே ஒரு வழக்கு போனது. வெள்ளாளக் கவுண்டர் தம்பதி ஒன்றின் விவாகரத்துப் பத்திரம். ‘எங்கள் சமூகத்தில் இது வழக்கம்’ என்ற வாதம் போதிய நிரூபணம் இல்லாமல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பத்திரத்தில் கையெழுத்து போட்டோம், ஊரே பார்த்தது என்பது மட்டும் போதாது. தலைமுறைகளாக இது நடந்து வருகிறது, இன்னின்ன குடும்பங்களில் இப்படித் தீர்ந்திருக்கிறது, அவர்கள் மறுமணமும் செய்துகொண்டார்கள் என்று பெரியவர்கள் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும்.

கொல்லிமலையில் பெரும்பாலும் எல்லாம் வாய்ப்பேச்சில் முடிகிறது. எழுதினாலும் இருபது ரூபாய் பத்திரத்தில் நான்கு வரி, நான்கு கைநாட்டு. பத்து வருடம் கழித்து முதல் கணவர் இறந்து போகிறார் என்று வையுங்கள். அவர் வேலை பார்த்த இடத்திலிருந்து பணம் வருகிறது. அப்போதுதான் யார் மனைவி என்ற சண்டை தொடங்கும். ஊர்க்கவுண்டரும் அதற்குள் காலமாகியிருப்பார்.

அதனால்தான் அனுபவமுள்ள வக்கீல்கள் மலைக்காரர்களுக்கு ஒரு வழி சொல்வார்கள். ஊரில் பேசித் தீர்த்த கையோடு, மலையின் எந்த நாட்டு வழக்கப்படி, எந்தத் தேதியில், யார் யார் முன்னிலையில், பரிசம் என்ன ஆனது, பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்று விவரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பிரிவு செல்லும் என்று அறிவிக்கக் கோரி கோர்ட்டில் விளம்புகை வழக்கு போடுங்கள். திருமண உறவின் நிலை என்ன என்று அறிவிக்கும் அதிகாரம் 1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. கோர்ட் இங்கே விவாகரத்து கொடுக்கவில்லை. ஊர் கொடுத்ததை ஏற்று முத்திரை குத்துகிறது.

இன்னொரு கதவும் லேசாகத் திறந்திருக்கிறது. ராஜஸ்தானின் மீனா பழங்குடித் தம்பதி ஒன்று இந்து முறைப்படி மணந்திருந்தது. வழக்குக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது என்று கீழ்க்கோர்ட் தள்ள, 2021இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை மாற்றி, பொருந்தும் என்றது. ஆனால் அது டெல்லித் தீர்ப்பு. தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. வாதத்துக்கு எடுத்துக் காட்டலாம், அவ்வளவுதான்.

“அவர் இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டார், கேஸ் போட முடியுமா?” என்ற கேள்விக்குப் பதிலும் கசப்பானது. இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருகிறவர் முதல் மனைவி இருக்க இரண்டாவது திருமணம் செய்தால் குற்றம். பழங்குடியினர் விஷயத்தில், இரண்டாவது திருமணம் செல்லாது என்று அந்தக் குடியின் வழக்கமே சொல்கிறது என நிரூபித்தால்தான் இருதார மணக் குற்றம் நிற்கும். சந்தால் பழங்குடிக் கணவர் ஒருவர் மீதான வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்த்தது. புகார் கொடுத்த மனைவி தோற்றார்.

சோறு போடாதவரை விடாத சட்டம்

விவாகரத்து விஷயத்தில் கை விரிக்கும் சட்டம், ஜீவனாம்சத்தில் அப்படிச் செய்வதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு, அதாவது பழைய 125, சாதி மதம் பழங்குடி என்று எதையும் பார்க்காது. வசதி இருந்தும் மனைவியையோ பிள்ளையையோ பெற்றோரையோ காப்பாற்றாமல் விட்டவர் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். விவாகரத்தாகி மறுமணம் செய்யாத பெண்ணும் இதில் ‘மனைவி’தான். தாலி கட்டாமல் பிறந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு. திருமணத்தை இங்கே நூலிழை பிசகாமல் நிரூபிக்க வேண்டியதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2018இலும் சொல்லியிருக்கிறது. கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் போதும். ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்று, பள்ளிப் பதிவேடு எல்லாம் இங்கே பேசும்.

எனவே கொல்லிமலைப் பெண் ஒருவர் கோர்ட் படியேறுகிறார் என்றால், டைவர்ஸ் பேச்சை ஒத்தி வைத்துவிட்டு ஜீவனாம்சத்தில் தொடங்குவதே கெட்டிக்காரத்தனம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம், கற்பனைதான். வீடு அரியூர் நாட்டில். மலைச்சரிவில் கொஞ்சம் காபி, சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகுக்கொடி, நாலைந்து பலா, கீழே மரவள்ளி, இரண்டு மாடு. கணவர் குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்குப் போனவர் திரும்பவில்லை, பணமும் வருவதில்லை. மனைவியிடம் மூன்று வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள். அவர் வழக்குப் போட குடகுக்குப் போக வேண்டுமா? வேண்டாம். மனைவி எங்கே வசிக்கிறாரோ அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்திலேயே போடலாம். குடும்ப நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருந்தால் அங்கே, இல்லையென்றால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம். கணவர் வேண்டுமென்றே ஒளிந்து திரிந்தால் அவர் இல்லாமலேயே விசாரித்து உத்தரவிடலாம்.

“அவருக்குத்தான் சம்பளச் சீட்டே இல்லையே, வருமானத்தை எப்படிக் காட்டுறது?” அதற்கும் வழி வந்திருக்கிறது. 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ஜீவனாம்ச வழக்குகளுக்குப் பொது நடைமுறை ஒன்றை வகுத்தது. இருதரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் கொடுக்க வேண்டும். அதில் விவசாயிகளுக்கென்றே தனிப் படிவம் இருக்கிறது. நிலம் எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர் என்பதோடு, மாடு, ஆடு, கோழி, தேன்பெட்டி வரை கேட்கிறது அந்தப் படிவம். டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்குக் கொல்லிமலைத் தேன் நினைவுக்கு வந்திருக்காது. ஆனாலும் இந்த மலைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பொய் எழுதினால் தனி வழக்கு. அதே தீர்ப்பின்படி ஜீவனாம்சம், உத்தரவு வந்த நாளிலிருந்து அல்ல, மனு போட்ட நாளிலிருந்து கணக்காகும். “எனக்கு வேலையில்லை” என்ற பல்லவியும் எடுபடாது. உடம்பில் தெம்பு உள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது.

எவ்வளவு கிடைக்கும்? அதற்கு வாய்ப்பாடு கிடையாது. முன்பு மாதம் 500 ரூபாய்க்கு மேல் தரக் கூடாது என்று ஒரு உச்சவரம்பு இருந்தது, 2001இல் எடுத்துவிட்டார்கள். கணவரின் நிலை, மனைவியின் சொந்த வருமானம், பிள்ளைகளின் தேவை ஆகியவற்றைப் பார்த்து நீதிபதி முடிவு செய்வார். வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் அதை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா என்பது நாடறிந்தது. உத்தரவு வந்தும் கட்டாவிட்டால் வாரண்ட். பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை. ஆனால் பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட்டுவிட வேண்டும். “வரட்டும், சேர்த்து வாங்கிக்கலாம்” என்று மூன்று வருடம் காத்திருந்தால் பழைய பாக்கிக்கு வாரண்ட் வழி அடைபட்டுவிடும்.

இந்த இடத்தில் ஊர்ப் பஞ்சாயத்துக் காகிதம் ஒரு பொறியாகவும் மாறலாம். பெரியவர்கள் நல்லெண்ணத்தில்தான் எழுதுவார்கள்: “இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியமும் இல்லை, ஜீவனாம்சமும் கேட்கக் கடவதில்லை.” விவாகரத்துக்குப் பின் பெண் தானாக முன்வந்து ஜீவனாம்ச உரிமையை விட்டுக்கொடுத்திருந்தால் உத்தரவை ரத்து செய்யச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. வழக்கப்படி கொடுக்க வேண்டிய தொகை முழுவதையும் கொடுத்துத் தீர்த்திருந்தாலும் அப்படித்தான். அந்தத் தொகை பெயருக்குக் கொடுத்த சில்லறையாக இருக்கக் கூடாது, ஜீவனாம்சத்துக்கு ஈடாக நிற்க வேண்டும் என்று 1979இலேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிவைத்தார் என்பது ஆறுதல். சம்மதித்துப் பிரிந்து வாழும் மனைவி ஜீவனாம்சம் கேட்க முடியாது என்ற விதியும் உண்டு; ஆனால் சம்மதத்தின் பேரில் விவாகரத்தே ஆகிவிட்ட பெண்ணுக்கு அது தடையில்லை என்று 1995இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. எனவே ‘பிரிந்து வாழச் சம்மதித்தோம்’ என்று எழுதுவதும் ‘விவாகரத்து ஆயிற்று’ என்று எழுதுவதும் ஒன்றல்ல. கைநாட்டு வைக்கும் முன் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

அடி உதை இருந்தால் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டமும் மலைக்கு வரும். வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது, பணம் கொடு, பிள்ளையைத் தற்காலிகமாக அம்மாவிடம் விடு என்று ஒரே மனுவில் மூன்றும் கேட்கலாம்.

பிள்ளை யாருக்கு?

“பிள்ளை அப்பன் வீட்டுக்குத்தான்” என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. கோர்ட்டில் அது ஒரு தகவல் மட்டுமே, தீர்ப்பு ஆகாது. இளவர் காப்பாளர் சட்டம் பொருந்தாவிட்டாலும், 1890ஆம் ஆண்டு காப்பாளர் மற்றும் காப்புக்குரியோர் சட்டம் எல்லோருக்கும் உண்டு. குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். அளவுகோல் ஒன்றுதான்: குழந்தையின் நலன். விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தை சொல்வதையும் நீதிபதி கேட்பார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் என்ற விதி பழங்குடியினருக்கு எழுதியதல்ல. ஆனாலும் நம் கற்பனைக் குடும்பத்தின் மூன்று வயதுக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க நீதிபதிக்கு வலுவான காரணம் வேண்டியிருக்கும்.

ஒன்பது வயதுப் பிள்ளையின் கதை வேறு. மலையில் பல குழந்தைகள் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கிறார்கள். அப்போது ‘யார் வீட்டில்’ என்பதைவிட, யார் எந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பது, பரீட்சை லீவில் எந்த வீடு, ஆடிப் பதினெட்டு வல்வில் ஓரி விழாவுக்கு யாரோடு என்பதில்தான் சண்டை வரும். இதையெல்லாம் உத்தரவில் தேதியோடு எழுதிக் கேட்க வேண்டும். பெற்றோர் இருவரின் அன்பும் குழந்தையின் உரிமை. நேரில் முடியாவிட்டால் போனில், வீடியோவில் பேசவாவது வழி செய்ய வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. டவர் கிடைக்கும் மேடு எது என்பதை ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர் டி.சி. வாங்க விடாமல் முட்டுக்கட்டை போட்டால் பயப்பட வேண்டாம். 2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டப்படி, எட்டாம் வகுப்புவரை டி.சி. தாமதமாகிறது என்பதைச் சொல்லி ஒரு பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது.

பதினெட்டு வயதுக்கு முன்பே கல்யாணம் ஆன பெண் என்றால், மலைக்காரர்களுக்கும் நேரடியாகப் பொருந்தும் வெளிவாசல் ஒன்று இருக்கிறது: 2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டம். அந்தப் பெண் இருபது வயது முடிவதற்குள் மனு போட்டால் திருமணத்தையே ரத்து செய்யலாம். மறுமணம் வரை பராமரிப்புத் தொகை, பிள்ளைகளின் பொறுப்பு, இரண்டுக்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகளாகவே இருப்பார்கள். அந்த வயதில் யாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதுதான் குறை. தெரியவரும்போது இருபத்தைந்து ஆகியிருக்கும்.

நிலத்தைப் பற்றிச் சுருக்கமாக: 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் வாங்கிய பட்டா, திருமணமானவர்களுக்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதியப்பட வேண்டும். அதை விற்கவும் முடியாது. பிரிந்து போகும் மனைவி முதலில் தேடி எடுக்க வேண்டிய காகிதம் அது. பிறந்த வீட்டுச் சொத்தில், பழங்குடிப் பெண்களுக்கும் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. பெண்ணுக்குப் பங்கில்லை என்ற வழக்கம் நிரூபிக்கப்படாதபோது மறுக்க முடியாது என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் கோண்டு குடும்பம் ஒன்றின் வழக்கில் சொன்னது. வாரிசுரிமைச் சட்டத்தின் விலக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

இனிமேல் கல்யாணம் செய்யப் போகிறவர்களுக்கும், செய்துகொண்டு நல்லபடியாக வாழ்கிறவர்களுக்கும் ஒரு வழி உண்டு. யாரும் சொல்லாத வழி அது. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவின் கீழ், வழக்கப்படி ஏற்கெனவே நடந்த திருமணத்தையும் பதிவு செய்துகொள்ளலாம். முப்பது நாள் நோட்டீஸ், வயது நிபந்தனை எல்லாம் உண்டு. பதிந்த பிறகு அது சிறப்புத் திருமணச் சட்டத் திருமணம். பரஸ்பர சம்மத விவாகரத்து உட்பட எல்லாக் கதவுகளும் அதில் திறந்திருக்கும். ஒருதார மணமும் கட்டாயமாகிவிடும். தமிழ்நாட்டில் 2009 முதல் கட்டாயமாக இருக்கும் திருமணப் பதிவை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கல்யாணம் நடந்ததற்குச் சான்று மட்டும்தான். எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை அது மாற்றாது.

வக்கீல் ஃபீஸ்? 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மலைப் பெண் இரண்டு கணக்கிலும் தகுதியானவர். 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் போதும், கீழே இறங்கித்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. ஆபத்து என்றால் 181, குழந்தைக்கென்றால் 1098.

கணவர் கைவிட்டுப் போன பெண்ணுக்கு அரசு ஓய்வூதியமும் இருக்கிறது; 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். ஆனால் நிபந்தனையைப் பாருங்கள்: முப்பது வயது ஆகியிருக்க வேண்டும், சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், அல்லது ஐந்தாண்டு கைவிடப்பட்டிருக்க வேண்டும், அல்லது பிரிந்து வாழ்வதற்குக் கோர்ட் சான்று வேண்டும். விவாகரத்துச் சட்டமே பொருந்தாத ஒரு சமூகத்தின் பெண்ணிடம் விவாகரத்துக் காகிதம் கேட்டால் அவர் எங்கே போவார்? ஊர் வழக்கப்படி நடந்த பிரிவைக் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்துச் சான்று கொடுத்தால் அதை ஏற்கலாம் என்று ஓர் அரசாணை போடுவது சென்னையில் இருப்பவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. சேந்தமங்கலம் தொகுதி பழங்குடியினருக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதன் சட்டமன்ற உறுப்பினர் எழுப்ப வேண்டிய கேள்வி இது.

அதுவரைக்கும், ஐந்து வருடம் ஆகட்டும் என்று காத்திருக்கும் பெண்ணுக்கு 144ஆம் பிரிவு மனு இன்றைக்கே போட முடியும். அதற்கு வயதும் கேட்க மாட்டார்கள், டைவர்ஸ் காகிதமும் கேட்க மாட்டார்கள்.